காயிலுக்குள் ஓர் இடைவெளி: கண்டுபிடிப்பா, கைவேலையா?

காப்புரிமை வேலை பார்க்கிறேன் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கடைப் பெயரைப் பதிவு செய்து தரச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு. மின்னணுப் பாகங்களுக்குப் பேட்டன்ட் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிப்பேன். இதையே இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா, செய்யாவிட்டாலும் வழியாவது காட்டியிருக்கிறார்களா என்று பழைய ஆவணங்களில் தேடுவேன். ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் வீட்டு மாடியிலிருந்தே இதைச் செய்ய முடிகிறது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா என எல்லா நாட்டுக் காப்புரிமை ஆவணங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்று உண்டு. அடுக்குக் காயில். செல்போன் போர்டில் ரவை போலச் சின்னதாக, கரும்பழுப்பு நிறத்தில், இரண்டு முனையும் வெள்ளையாகப் பளபளக்கும் துணுக்கு. 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ளது சாதாரண அளவு. 0.4க்கு 0.2 மில்லிமீட்டரிலும் வருகிறது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவது, மின்னழுத்தத்தை மாற்றும் இடத்தில் ஆற்றலைக் காந்தப் புலமாகச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது, ஆன்டெனாவுக்குப் போகும் சிக்னலைச் சரிக்கட்டுவது என இதற்கு வேலை நிறைய.

ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரிடம் இதைப் பற்றி அடிக்கடி பேசுவேன். கடற்கரை ஊர் என்பதால் அவரிடம் வரும் போன்களில் பாதி உப்புத் தண்ணீர் பார்த்தவை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பச்சைப் பூத்த செம்புத் தடங்களும், கறுத்துப்போன முனைகளும் தெரியும். ஒருநாள் ஹாட் ஏர் வைத்து ஒரு காயிலைக் கழற்றி, ட்வீசரில் பிடித்தபடியே கேட்டார் (எங்கள் ஊரில் ‘காக்கா’ என்றால் அண்ணன்):

“காக்கா, கம்பியச் சுத்துனா காயிலு. இதுல புதுசா என்ன இருக்குன்னு வருசா வருசம் பேட்டன்ட் வாங்குறாங்க?”

“இதுக்குள்ள கம்பியே இல்ல தம்பி” என்றேன்.

உண்மையிலேயே கம்பி கிடையாது. ஃபெரைட் என்ற காந்தப் பீங்கானைப் பொடி செய்து, பசையோடு கலந்து, மெல்லிய தாளாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் வெள்ளிப் பேஸ்ட்டால் முக்கால் சுற்று மாதிரி ஒரு கோட்டை அச்சிடுகிறார்கள். கோட்டின் முனை வரும் இடத்தில் முன்பே லேசரால் போட்ட துளையிலும் வெள்ளியை நிரப்புகிறார்கள். அடுத்த தாளில் அந்தத் துளைக்கு நேராக அடுத்த கோடு தொடங்கும். கலங்கரை விளக்கத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு மாதிரி, அடுக்கடுக்காக மேலே போய் ஒரு காயில் உருவாகிவிடுகிறது. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தி, துண்டு துண்டாக வெட்டி, சூளையில் வேகவைத்து, இரு முனையிலும் மின்வாய் பூசி, நிக்கலும் தகரமும் முலாம் போட்டால் வேலை முடிந்தது.

இதில் பெரும்பாலானவை பழைய விஷயங்கள். டோக்கியோவில் யோகோரோ காட்டோ, தாக்கேஷி தாக்கேய் இருவரும் ஃபெரைட்டைக் கண்டுபிடித்தது 1930இல். அதை விற்பனைக்குக் கொண்டுவர டிடிகே நிறுவனம் தொடங்கப்பட்டது 1935இல். தாளில் வெள்ளியை அச்சிட்டு அடுக்கும் முறையும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அப்படியானால் இன்றைக்கு ஒருவர் அடுக்குக் காயிலுக்குக் காப்புரிமை கேட்டால், எதற்குத்தான் கேட்கிறார்? பெரும்பாலும் அந்தத் துணுக்குக்குள் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் நடக்கும் ஒரு சங்கதிக்கு. என் வேலை அங்கேதான் ருசிக்கிறது.

வெள்ளி 961 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் சூளையை 900 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியாக வேண்டும். நிக்கல், துத்தநாக ஃபெரைட்டில் செம்பையும் சேர்ப்பது, அது அந்தக் குறைந்த சூட்டிலேயே வெந்து இறுக வேண்டும் என்பதற்காகத்தான். வேகும்போது வெள்ளியும் ஃபெரைட்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆறும்போதுதான் தகராறு. வெள்ளி, ஃபெரைட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். தான் சுருங்கும்போது பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஃபெரைட்டையும் இழுக்கும். அப்படி இழுவையும் அழுத்தமும் ஏறிய ஃபெரைட்டின் காந்தக் குணம் குறைந்துவிடும். கணக்குப்படி வரவேண்டிய இண்டக்டன்ஸ், அதாவது ஆற்றலைக் காந்தப் புலமாகச் சேர்த்து வைக்கும் திறன், வராது. சூடு ஏறி இறங்க, மதிப்பும் ஆடும்.

இதற்கு வந்த தீர்வுகளில் ஒன்று, வெள்ளிக்கும் ஃபெரைட்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு மெல்லிய இடைவெளி விடுவது. வெள்ளிக் கோட்டின் மேல் எரிந்துபோகும் பிசின் ஒன்றை அச்சிட்டால், சூளையில் அது ஆவியாகி அங்கே வெற்றிடம் நிற்கும். வெள்ளி தன் பாட்டுக்குச் சுருங்கும், ஃபெரைட்டைத் தொந்தரவு செய்யாது.

சரி, ஒரு விண்ணப்பத்தை நாமே எழுதிப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்தது, ஆனால் வாதங்கள் இந்தத் துறையில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

பழைய ஆவணம் அ: அடுக்குக் காயில். வெள்ளிக் கோட்டின் நீளம் முழுக்க இடைவெளி உண்டு. இண்டக்டன்ஸ் கூடியது என்கிறது.

பழைய ஆவணம் ஆ: அதே மாதிரிக் காயில். முலாம் பூசும் கரைசலும் ஈரமும் உள்ளே புகுந்து கெடுக்கின்றன என்கிறது. தீர்வாக, துணுக்கு முழுவதையும் பிசினில் ஊறவைத்து, இருக்கும் ஓட்டைகளையெல்லாம் அடைக்கச் சொல்கிறது.

புதிய விண்ணப்பம்: காயிலின் சுற்றுகளில் இடைவெளி உண்டு. ஆனால் காயிலிலிருந்து வெளி மின்வாய்க்கு வரும் இழுப்புப் பகுதியில் மட்டும் இடைவெளி கிடையாது, அங்கே ஃபெரைட் வெள்ளியை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

இது புதியதா? ஆமாம். புதுமை என்று பார்க்கும்போது, கேட்கப்படும் எல்லாக் கூறுகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால்தான் அது பழசு. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று பொறுக்கிச் சேர்க்கக் கூடாது. அ-வில் இழுப்புப் பகுதியிலும் இடைவெளி இருக்கிறது. ஆ-வில் எங்குமே வெற்றிடம் மிஞ்சவில்லை. புதுமைத் தேர்வில் விண்ணப்பம் தேறிவிட்டது.

ஆனால் இதோடு முடிந்ததாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். பொறியியல் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் புராஜெக்ட்களில் பெரும்பாலானவை ‘இதே மாதிரி வேறெங்கும் இல்லை’ என்ற ஒற்றைக் காலில் நிற்கின்றன. நம் காப்புரிமைச் சட்டம் 1970இன் பிரிவு 2(1)(ja) இன்னொன்றும் கேட்கிறது. இருக்கிற அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கவும் கூடாது. இந்தத் தேர்வில் அ-வையும் ஆ-வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம் உச்ச நீதிமன்றம் 1978இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. வழக்கு, கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு அமைப்பைப் பற்றியது. பட்டறையில் வேலை தெரிந்த ஒருவர் செய்யக்கூடிய திருத்தம் காப்புரிமைக்குப் போதாது என்று சொல்லி, அந்தக் காப்புரிமை செல்லாது என்றார்கள். அமெரிக்காவில் இதே எண்ணம் 1851இலேயே வந்துவிட்டது. மரத்திலும் உலோகத்திலும் செய்த கதவுக் குமிழைக் களிமண்ணில் செய்தவருக்கு அங்கே உரிமை மறுக்கப்பட்டது. பொருளை மாற்றியது கைத்தேர்ச்சி, கண்டுபிடிப்பு அல்ல என்றார்கள்.

இப்போது காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராயும் எக்ஸாமினரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எழுதப்போவது இதுதான்: ‘இடைவெளி அ-வில் தெரிந்தது. வெளிமுனை வழியாகக் கரைசல் புகும் என்பது ஆ-வில் தெரிந்தது. எனவே வெளிமுனைக்குப் பக்கத்தில் இடைவெளியை விடாமல் இருப்பது எவருக்கும் தோன்றும். பிசினை அந்த இடத்தில் அச்சிடாமல் விட்டால் போதுமே.’

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கேதான் ஆவணங்களை வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆ உண்மையில் என்ன சொன்னது? கரைசல் ஃபெரைட்டின் நுண்துளைகள் வழியாக எங்கும் புகுகிறது என்றதா, வெள்ளி இழுப்புப் பகுதியின் ஓரமாகப் புகுகிறது என்றதா? இந்த ஒரு வரியில் விண்ணப்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். இழுப்புப் பகுதியின் ஓரம் என்று சொல்லியிருந்தால், நோயின் காரணம் முன்பே தெரிந்துவிட்டது. மருந்தைத் தேர்ந்தவர் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. நுண்துளைகள் என்று மட்டும் சொல்லியிருந்தால், அதைப் படித்த பொறியாளர் இழுப்புப் பகுதியைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். ஆ சொன்னபடி முழுத் துணுக்கையும் ஊறவைத்திருப்பார்.

அப்படி ஊறவைத்தால் என்ன ஆகும்? அ பாடுபட்டு உண்டாக்கிய இடைவெளிக்குள்ளும் பிசின் போய் இறுகிவிடும். வெள்ளியும் ஃபெரைட்டும் மறுபடி பிணைந்து, விடுபட்ட அழுத்தம் திரும்ப வந்துவிடலாம். இதைச் சோதனை எண்களோடு விண்ணப்பதாரர் காட்டிவிட்டால், அ-வையும் ஆ-வையும் சேர்க்கச் சொல்லும் வாதமே ஆட்டம் கண்டுவிடும். ஒன்றின் பயனை இன்னொன்று அழிக்கும் என்றால் தேர்ந்த ஒருவர் ஏன் இரண்டையும் சேர்க்கப் போகிறார்? ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் இதை அழகாகக் கேட்பார்கள்: அவரால் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி இல்லை, செய்திருப்பாரா என்பதுதான் கேள்வி.

என் கருத்தில், காரணம் புதிதாகக் கண்டறியப்பட்டிருந்து எண்களும் துணைக்கு இருந்தால் இந்த விண்ணப்பம் உரிமைக்குத் தகுதியானது. மாற்றம் எவ்வளவு சின்னது என்று பார்க்கத் தேவையில்லை. பிசினை ஓர் இடத்தில் அச்சிடாமல் விட்டது சின்ன வேலைதான். ஆனால் எந்த இடத்தில் விட வேண்டும், ஏன் விட வேண்டும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு எல்லாருக்கும் ‘அட, இவ்வளவுதானா’ என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் விண்ணப்பம் போட்ட தேதிக்கு முந்தைய ஆவணங்களை மட்டுமே கையில் எடுக்கிறோம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கார் பெடல் வழக்கு ஒன்றில், தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் சேர்த்து எதிர்பார்த்த பலனே வந்தால் அது பெரும்பாலும் எளிதில் தோன்றக்கூடியதே என்றது. அதற்குப் பிறகு, ‘எந்த ஆவணமும் சேர்க்கச் சொல்லவில்லை’ என்று மட்டும் வாதாடுவது அங்கே கடினமாகிவிட்டது. எதிர்பாராத பலனைக் காட்டுவதற்கு மதிப்புக் கூடியது.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. ஆவணம் அ-வுக்கும் முன்னால் வந்த ஓர் ஆவணம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் இடைவெளி என்ற பேச்சே இல்லை. ஆனால் அதே ஃபெரைட், அதே வெள்ளிப் பேஸ்ட், அதே சூளைச் சூடு. வெள்ளி முந்திச் சுருங்குவதால் தானாகவே ஒரு விலகல் வந்திருக்குமோ? எழுதியவர் கவனிக்காவிட்டாலும், அந்தச் செய்முறையைப் பின்பற்றினால் ஒவ்வொரு முறையும் தவறாமல் இடைவெளி வரும் என்றால், அது பழைய பொருள்தான். கவனிக்காமல் விட்டதைக் கவனித்ததற்காக அந்தப் பொருளின் மேல் உரிமை தர முடியாது. ஆனால் ‘வரலாம்’ என்பது போதாது, ‘வந்தே தீரும்’ என்று காட்ட வேண்டும். பேஸ்ட்டில் இருக்கும் வெள்ளித் துகளின் அளவு, பசையின் பங்கு, சூடேற்றும் வேகம் இவற்றில் ஒன்று மாறினாலும் விலகல் வராமல் போகலாம். இந்த வாதத்தில் எக்ஸாமினர்கள் அவசரப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நேர்மையாக உழைத்த ஒருவரின் பல வருட வேலை ‘இயல்பாகவே இருந்திருக்கும்’ என்ற ஒற்றை வரியில் போய்விடக் கூடாது.

படங்களையும் சொல்ல வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் இழுப்புப் பகுதியில் இடைவெளிக் கோடு வரையாமல் விட்டிருப்பார்கள். உடனே ‘பாருங்கள், அங்கே இடைவெளி இல்லை’ என்பார்கள். வரைந்தவர் சுருக்கமாக வரைந்திருக்கலாம். அளவுப்படி வரைந்தது என்று எழுதியிருக்காத படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதில் அர்த்தம் இல்லை. படத்தோடு எழுத்தும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண் வரம்பு வைத்துக் கேட்கும் விண்ணப்பங்கள் இந்தத் துறையில் ஏராளம். இடைவெளியின் உயரம் வெள்ளிக் கோட்டின் தடிமனில் இத்தனை முதல் இத்தனை பங்கு என்பார்கள். பழைய ஆவணத்தின் வரம்பு இதோடு மேற்படிந்தால், வெறும் வரம்பைச் சுருக்கியதற்கு உரிமை கிடையாது. நல்ல அளவைத் தேடிப் பிடிப்பது தேர்ந்தவரின் அன்றாட வேலை. அந்த வரம்புக்குள் வந்தவுடன் ஏதோ ஒன்று சட்டென்று மாறுகிறது என்று காட்டினால் கதை வேறு. ஜப்பானிய விண்ணப்பங்களில் நான் மிகவும் மதிப்பது அவர்களின் அட்டவணைகளை. மாதிரி எண் போட்டு, வரம்புக்கு வெளியே இருக்கும் மாதிரிகளுக்கு நட்சத்திரக் குறி இட்டு, அவை தோற்றதையும் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள். தோற்ற மாதிரிதான் ஜெயித்த மாதிரிக்குச் சாட்சி.

காந்தக் குணம் இல்லாத ஓர் அடுக்கையும் நடுவில் வைத்தோம் என்று துணைக் கோரிக்கை ஒன்று பெரும்பாலும் வரும். அதிக மின்னோட்டத்தில் ஃபெரைட் நிறைந்துபோவதை, அதாவது அதற்கு மேல் காந்தமேற முடியாமல் போவதை, தடுக்க அந்த அடுக்கு உதவும். நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அது அதன் வேலையைச் செய்கிறது, இடைவெளி அதன் வேலையைச் செய்கிறது, ஒன்றுக்கொன்று உறவில்லை என்றால் நம் சட்டத்தின் பிரிவு 3(f) குறுக்கே நிற்கும். தெரிந்த சாதனங்கள் தனித்தனியே தெரிந்த முறையில் இயங்க, அவற்றை அடுக்கி வைத்ததை மட்டும் கண்டுபிடிப்பு என்று அது ஏற்காது.

தெரிந்தவற்றைக் கொண்டே உண்மையான கண்டுபிடிப்பு செய்ய முடியாதா என்றால், நம் கரையிலேயே பதில் இருக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபம் என்ற ஊரில் ஒரு நிலையம் உண்டு. காப்பாபைகஸ் கடல்பாசியிலிருந்து காராஜீனன் என்ற, உணவைக் கெட்டியாக்கும் பசைப்பொருளை எடுப்பது உலகுக்குத் தெரிந்த தொழில். பாசியைக் காயவைத்து, அதிலிருந்து எடுப்பதுதான் வழக்கம். இந்த நிறுவனத்தார் பாசியைப் பச்சையாகவே அரைத்து, சாற்றைப் பிரித்துத் திரவ உரமாக்கி, மிஞ்சிய சக்கையிலிருந்து காராஜீனன் எடுத்தார்கள். இதற்கு 2005இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அரைப்பதும் வடிப்பதும் எவருக்கும் தெரிந்த வேலைகள்தாம். வழக்கமாக வெயிலில் வீணாகிக்கொண்டிருந்த சாற்றை முதலில் எடுத்துவிட்டு, அதனால் காராஜீனனும் கெடாமல் பார்த்துக்கொண்டதில் இருக்கிறது விஷயம்.

நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகள் இதைத் தொட வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். உப்புக் காற்றில் கருவிகள் எப்படிக் கெடுகின்றன என்பதை நம்மைவிடக் கிட்டத்தில் பார்ப்பவர்கள் யார்? விசைப்படகுகளின் ஜிபிஎஸ்ஸும் கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் நம் கண்முன்னேதான் செத்துப் பிழைக்கின்றன. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி வேர்விட்டு வளர்ந்து ஷார்ட் ஆக்கிவிடும். அந்தக் கடைக்காரத் தம்பி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பழுதுகளை தேதி போட்டுப் படம் பிடித்து, எந்த வகைப் பாகம் எந்த இடத்தில் விட்டது என்று எழுதி வைத்தாலே அது ஒரு ஆராய்ச்சிக்கான தொடக்கம்.

செய்ய நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டும். ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட், ஜப்பானின் ஜே-பிளாட்பாட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் என்ற மூன்று தேடுதளங்களும் இலவசம். சொல்லை வைத்து மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணைப் பிடிக்க வேண்டும். அடுக்குக் காயில்கள் எச்01எஃப் 17/00 என்ற வகையில் வரும், செய்முறைகள் எச்01எஃப் 41 பக்கம். ஒரு நல்ல ஆவணம் கிடைத்துவிட்டால், அதில் மேற்கோள் காட்டப்பட்டவற்றையும் அதை மேற்கோள் காட்டியவற்றையும் பின்தொடருங்கள்.

அடுத்தது, விண்ணப்பம் போடுமுன் எங்கும் காட்டாதீர்கள். கல்லூரிக் கண்காட்சி, கருத்தரங்கு, யூடியூப் எதிலும் வேண்டாம். நீங்களே வெளியிட்டது உங்களுக்கு எதிரான பழைய ஆவணமாகிவிடும். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை குறுகியவை, அரசு அறிவித்த கண்காட்சி போன்றவற்றுக்குத்தான். சோதனை முடியவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிடலாம். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். ராமநாதபுரம் மாவட்டம் சென்னை கிண்டியில் இருக்கும் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது.

எழுதும்போது, என்ன செய்தோம் என்பதோடு ஏன் அப்படி ஆகிறது என்பதையும் எழுதுங்கள். இழுப்புப் பகுதியில் இடைவெளி விட்ட மாதிரி, விடாத மாதிரி, பிசினில் ஊறவைத்த மாதிரி மூன்றையும் ஒரே சூளையில் வேகவைத்து, வெட்டித் தேய்த்துப் படமெடுத்து, இண்டக்டன்ஸையும் ஈரச் சோதனையில் தோற்றவற்றின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். அந்த அட்டவணை முதல் நாளே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். எக்ஸாமினர் அறிக்கை வந்தபின் புது விஷயத்தை விவரத்துக்குள் நுழைக்கச் சட்டத்தில் இடம் இல்லை.